சைக்கிள் மிதித்து உரமேறிய தொடைக்குக் காற்சட்டை பார்ப்பது எப்படி

வெலிமடையிலிருந்து ஹக்கல வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையை வாரத்துக்கு இரண்டு முறை மிதிக்கிற பெண்ணுக்குச் சில மாதங்களிலேயே தொடையின் முன்சதை திரண்டு நிற்கும். முழங்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கமாக ஒரு மேடு எழும்பும். பின்பக்கமும் கெண்டைக்காலும் கூடவே உருளும். கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்களின் காலும் ஏறக்குறைய இப்படித்தான். இந்தக் காலோடு துணிக்கடைக்குப் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். இடுப்புக்குச் சரியான காற்சட்டை பாதித் தொடையில் நின்றுவிடும். தொடைக்குச் சரியானது இடுப்பில் ஒரு முழங்கை நுழையும் அளவுக்கு வாயைப் பிளக்கும். குறை காலில் இல்லை, வெட்டில் இருக்கிறது. வெட்டை மாற்றலாம்.

ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் ஏன் சரிவருவதில்லை என்று முதலில் பார்ப்போம். ஆயத்தக் காற்சட்டைகளில் ஒரு சைஸ் ஏறும்போது இடுப்பும் சீட்டும் (பிட்டச் சுற்று) பெரும்பாலும் ஒவ்வோர் அங்குலம் கூடும். தொடை ஏறக்குறைய அரை அங்குலம்தான் கூடும். 28 இடுப்புக் காற்சட்டையின் தொடைச் சுற்று 22 அங்குலம் என்று வையுங்கள். உங்களுக்கு 24 தேவை. அந்த 2 அங்குலத்தைப் பிடிக்க நான்கு சைஸ் ஏற வேண்டும். அதற்குள் இடுப்பு 32 ஆகிவிடும். அதனால் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தொடைக்குச் சரியாக வாங்கி, இடுப்பைத் தையற்காரரிடம் குறையுங்கள். இடுப்பைக் குறைப்பது ஒரு மணி நேர வேலை. தொடையைப் பெருப்பிப்பது பெரிய வேலை, சில காற்சட்டையில் முடியவே முடியாது.

அளவெடுப்பது

மாலையில் எடுங்கள். ஏற்றம் மிதித்து இறங்கிய கையோடு எடுத்தால் சதை புடைத்திருக்கும், அளவு கூடிவிடும். காலையில் எழுந்தவுடன் எடுத்தால் குறையும். சாதாரண நாளொன்றின் மாலை, மெல்லிய லெகிங்ஸ் அணிந்திருக்கும்போது எடுப்பதே நம்பகமானது. நுவரெலியாக் குளிருக்குக் காற்சட்டைக்கு உள்ளேயும் ஏதாவது அணிகிறவர் என்றால் அதை அணிந்துகொண்டே எடுங்கள், அரை அங்குலம் வரை வித்தியாசம் வரும்.

இடுப்பும் சீட்டும் எல்லோரும் எடுப்பதுதான். உங்களுக்கு வேண்டியது அதற்குக் கீழே இருக்கிறது. தொடை அளவை இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும்: கவட்டிலிருந்து ஓர் அங்குலம் கீழே ஒன்று, முன்சதை அதிகம் திரண்டிருக்கும் நடுத்தொடையில் இன்னொன்று. பெரும்பாலான தையற்கடைகளில் நடுத்தொடையை எடுப்பதே இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இழுப்பது அங்கேதான். இரண்டையும் நின்று ஒருமுறை, ஒரு காலை நாற்காலியில் வைத்து முழங்காலை மடக்கி ஒருமுறை எடுங்கள். மடக்கும்போது முக்கால் அங்குலம் வரை கூடலாம். கூடிய அளவையே எழுதுங்கள். இரண்டு காலையும் தனித்தனியே அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்தது கெண்டைக்கால், அதிகம் பருத்த இடத்தில். பிறகு குதிகாலையும் புறங்காலையும் சுற்றி ஓர் அளவு. காற்சட்டைக் காலின் கீழ்வாய் இதைவிடச் சிறியதாக இருந்தால், நீளாத துணியில் பாதம் உள்ளே போகாது. கடைசியாகக் கவட்டு நீளம்: முன் இடுப்பிலிருந்து கால்களுக்கு நடுவே டேப்பை விட்டுப் பின் இடுப்பு வரை. இதை இறுக்காமல் எடுங்கள். டேப்பில் கவடு வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு முன்பாகம் எவ்வளவு, பின்பாகம் எவ்வளவு என்றும் குறியுங்கள். சைக்கிளில் குனிந்து உட்காரும்போது பின் இடுப்பு இறங்கி முதுகு தெரிவது பின்பாகம் போதாததால்தான். அதற்குப் பெல்ட்டை இறுக்கினால் வயிறுதான் வலிக்கும்.

கடையில்

நுவரெலியா பேல் பஜாரிலோ ஹட்டன், பண்டாரவளைக் கடைத்தெருக்களிலோ ஏற்றுமதியில் மிஞ்சிய காற்சட்டைகள் கிடைக்கும். துணி நல்லதாகவே இருக்கும். ஆனால் லேபலை வெட்டியிருப்பார்கள், அல்லது ஒன்றில் அமெரிக்க எண்ணும் இன்னொன்றில் பிரித்தானிய எண்ணும் இருக்கும். அமெரிக்க 8 என்பது பெரும்பாலும் பிரித்தானிய 12. எண்ணை நம்பாமல் டேப்பை நம்புங்கள். பஜாரில் போட்டுப் பார்க்க இடமும் இருக்காது. இடுப்புப் பட்டியைக் கழுத்தில் சுற்றிப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது இடுப்புக்கு எப்படியோ, தொடையைப் பற்றி எதுவும் சொல்லாது.

இப்படிச் செய்யுங்கள். காற்சட்டையைப் பலகையில் தட்டையாக விரித்துச் சுருக்கத்தைத் தடவிவிடுங்கள். கவட்டுத் தையலிலிருந்து ஓர் அங்குலம் கீழே, உள்கால் தையலிலிருந்து பக்கத் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். நீளாத பருத்தித் துணி என்றால் உங்கள் தொடை அளவைவிட 2 அங்குலம் கூட இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வீதம் எலாஸ்டேன் (ரப்பர்போல நீளும் இழை) கலந்த டெனிம் என்றால் 1 அங்குலம் போதும். லெகிங்ஸ் போல நன்றாக நீளும் துணி என்றால் சரிசமமாக இருந்தாலே சரி. நடுத்தொடையிலும் கெண்டைக்கால் மட்டத்திலும் இதேபோல அளந்து பாருங்கள். தொடை சரியாக வந்து, இடுப்பு உங்கள் அளவைவிட 3 அங்குலத்துக்கு மேல் கூடாமல் இருந்தால் அதை வாங்கலாம். 4 அங்குலம் கூடினால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

துணி எவ்வளவு நீளும் என்பதைக் கையாலேயே பார்க்கலாம். குறுக்குவாக்கில் 10 சென்ரிமீற்றர் பிடித்து இழுங்கள். 12 வரை வந்து, விட்டவுடன் 10-க்கே திரும்பினால் நல்லது. 13, 14 வரை சுலபமாக வந்து, திரும்பும்போது 10½-இல் நின்றுவிட்டால் அந்தக் காற்சட்டை மத்தியானத்துக்குள் முழங்காலில் பை போலத் தொங்கும். எலாஸ்டேன் கூடக்கூட நல்லது என்ற எண்ணம் தவறு. இறுக்கமான காற்சட்டை ஏறிவிடும் என்பதற்காக மிகவும் நீளும் துணியை வாங்கினால், தொடையில் அது எந்நேரமும் முழு நீட்சியில் இருக்கும். எலாஸ்டேன் முதலில் அங்கேதான் அறும். ஏற்றமும் இறக்கமுமாக நடக்கிற நமக்கு, ஓரளவு நீளும் துணியில் வெட்டு சரியாக உள்ள காற்சட்டையே அதிக நாள் வரும்.

வெட்டில், இடுப்பு உயர்ந்து, தொடை தளர்ந்து, முழங்காலுக்குக் கீழே ஒடுங்குவது முதல் தெரிவு. நேராக இறங்கும் கால் இரண்டாவது. கீழே விரியும் கால் பார்க்க அழகுதான், ஆனால் வலப்பக்கச் சங்கிலியில் மாட்டும். முழுக்க ஒட்டிய கால் இந்த உடம்புக்குக் கெண்டைக்காலில் சிக்கும்.

போட்டுப் பார்க்க இடம் இருந்தால் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பஸ் மிதிபலகையில் ஏறுவதுபோல ஒரு காலை உயரத் தூக்கி வையுங்கள். முழுக்கக் குந்துங்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பின் இடுப்புக்கும் முதுகுக்கும் நடுவே விரல் விட்டுப் பாருங்கள்: இரண்டு விரல் போகலாம், உள்ளங்கை போகக் கூடாது. எழுந்து நின்றதும் கால் துணி தானாகக் கீழே இறங்க வேண்டும். கெண்டைக்காலில் தங்கி நின்று நீங்கள் இழுத்துவிட வேண்டியிருந்தால், நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருப்பீர்கள்.

சுருக்கம் சொல்வது

சுருக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் தையற்காரரிடம் பேச்சு சுலபமாகும். சுருக்கக் கோடு இறுக்கமான இடத்தைச் சுட்டி நிற்கும். தொடையின் முன்னால் குறுக்கே படுத்த கோடுகள் வந்தால் தொடைச் சுற்று போதாது. கவட்டிலிருந்து இடுப்பெலும்பை நோக்கிப் பூனை மீசைபோல விரிந்தால், கால்களுக்கு நடுவே உள்ள கவட்டு முனை குட்டை. பொக்கெட் வாய் பிளந்து நின்றால் மேல்தொடையும் சீட்டும் இறுக்கம். பின்னால் சீட்டுக்குக் கீழே துணி வழிந்து தொங்கினால் அது இறுக்கம் அல்ல, பின்துண்டு தேவைக்கு மேல் நீண்டிருக்கிறது.

சைக்கிள் காலுக்கென்றே ஓர் அடையாளம் உண்டு. பக்கவாட்டில் திரும்பி நின்று பக்கத் தையலைப் பாருங்கள். அது இடுப்பிலிருந்து கீழ்வாய் வரை தூக்குநூல் பிடித்தாற்போல இறங்க வேண்டும். நடுத்தொடையில் மட்டும் அது முன்பக்கமாக வளைந்து, முழங்காலில் மறுபடி பின்னுக்குப் போனால், முன்சதை பின்துண்டிலிருந்து துணியைக் கடன் வாங்குகிறது என்று அர்த்தம். இதற்குப் பின்துண்டைப் பெருப்பித்தால் சீட்டில் துணி தொங்குமே தவிர முன்னால் இழுப்பு போகாது. முன்துண்டில்தான் அகலம் சேர்க்க வேண்டும். பல தையற்காரர்கள் தவறுகிற இடம் இதுதான். இறுக்கம் என்றதும் இரண்டு பக்கமும் சமமாகப் பெருப்பிப்பார்கள்.

இடுப்பைக் குறைப்பது

2 அங்குலம் வரை என்றால் பின் நடுத் தையல் போதும். பெல்ட் கோர்க்கும் நடு லூப்பைக் கழற்றி, இடுப்புப் பட்டியை இருபுறமும் 3 அங்குலம் பிரித்து, நடுவில் வெட்டி, பின் நடுத் தையலை மேலே 2 அங்குலம் பிடித்து, கீழே சீட்டு மட்டத்தில் ஒன்றுமில்லாமல் முடியும்படி சரித்துத் தைப்பார்கள். சரிவு குட்டையாக முடிந்தால் அந்த இடத்தில் துணி கூம்புபோலத் துருத்தும். குறைந்தது 6 அங்குல நீளத்தில் சரித்து இறக்கச் சொல்லுங்கள்.

அதற்கு மேல் எல்லாவற்றையும் நடுவிலேயே பிடித்தால் இரண்டு பின்பொக்கெட்டும் ஒன்றையொன்று முட்டும், பக்கத் தையல் பின்னுக்கு ஓடும். 3 அங்குலம் குறைக்க வேண்டுமானால் பிரித்துப் பிடிக்க வேண்டும். கடையில் சொல்வது இப்படி: “நானா, பின்னுக்கு நடுவுல ஒன்றரை பிடிங்க, மிச்சத்த ரெண்டு பக்கமும் முக்கால் முக்காலாப் பிடிங்க. துணிய வெட்டிறாதீங்க, உள்ளுக்கே மடிச்சு விடுங்க.” கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். உடம்பு மாறும்போது அந்த மடிப்புத்தான் கைகொடுக்கும்.

டெனிமுக்கு 16-ஆம் இலக்க ஊசி, தையல் நீளம் 3 முதல் 3½ மில்லிமீற்றர், நிறம் பொருந்திய தடித்த நூல். சாதாரண ஊசியில் தைத்தால் பட்டிச் சந்தியில் ஊசி உடையும், அல்லது தையல் தாவும்.

தைக்கக் கொடுக்க நேரமில்லை என்றால் வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பட்டியின் உட்புறத்தில், இரண்டு பக்கத் தையலுக்கும் பக்கத்தில், ஓர் அங்குலப் பிளவு ஒவ்வொன்று போட்டு, ஓர் அங்குல அகல எலாஸ்டிக்கைப் பின்பட்டிக்குள் ஊக்கால் கோர்த்து இழுத்து இரண்டு முனையையும் தைத்துவிடுங்கள். ஒன்றரை அங்குலம் வரை அடங்கும். வேலைக்கும் சைக்கிளுக்கும் இது போதும். சட்டையை உள்ளே விட்டு அணிந்தால் பின்னால் சுருக்கு தெரியும்.

தொடையைப் பெருப்பிக்க முடியுமா?

ஆயத்த டெனிமின் உள்கால் தையல் பெரும்பாலும் மடித்து இரட்டைக் கோடாகத் தைத்தது. பிரித்தாலும் விடுவதற்குத் துணி இருக்காது. செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, பக்கத் தையலை மேலிருந்து கீழ் வரை பிரித்து, 2 அங்குலத் துண்டு வெட்டி, இருபுறமும் அரை அங்குலம் தையலுக்குப் போக, ஒரு காலுக்கு 1 அங்குலம் கூட்டுவது. விளையாட்டு உடையின் பட்டைபோலத் தெரியும் என்பதால், வேறு நிறத்தில் வேண்டுமென்றே போட்டதுபோலப் போட்டால் அழகாகவே இருக்கும்.

மற்றது கவட்டில் டயமண்ட் வடிவத் துண்டு. இரண்டு கால்களிலும் உள்கால் தையலைக் கவட்டிலிருந்து 4 அங்குலத்துக்குச் சற்று மேல் பிரித்து, தைத்து முடித்தபின் 8 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் வருகிற துண்டை, சுற்றிலும் அரை அங்குலம் கூட விட்டு வெட்டி, நீளமுனைகள் கால்களை நோக்கி இருக்கத் தைப்பது. மேல்தொடையில் ஒன்றரை அங்குலம் கூடும், கவட்டு நீளமும் 2 அங்குலம் கூடும். ஏற்கெனவே கவடு தாழ்ந்து தொங்கும் காற்சட்டைக்கு இது வேண்டாம். சைக்கிளுக்கோ இதில் இன்னொரு நன்மை இருக்கிறது: நான்கு தையலும் ஒரே முடிச்சாகச் சந்திக்கும் இடம் சைக்கிள் சீட்டில் அழுத்திப் புண்ணாக்கும். இந்தத் துண்டு அந்த முடிச்சைப் பிரித்து விலக்கிவிடும்.

புதிதாகத் தைக்கக் கொடுப்பது

மலைநாட்டு நகரங்களில் அளவெடுத்துத் தைக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. இந்தக் காலுக்கு நீண்ட நாளைக்கு நல்ல வழி இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒருமுறை சரியான வெட்டுக் கிடைத்தால் அதே அளவுத்தாளை வைத்து எத்தனையும் தைக்கலாம். 58 அங்குல அகலத் துணி என்றால் ஒன்றரை மீற்றர் எடுங்கள். 45 அங்குல அகலம் என்றால் இரண்டரை மீற்றர் தேவைப்படும். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். தைத்தபின் சுருங்கினால் முதலில் பறிபோவது தொடையில் விட்ட அந்தத் தளர்வுதான்.

தையற்காரரிடம் சொல்ல வேண்டியவை: முன்துண்டில் மட்டும், தொடை மட்டத்தில் பக்கத் தையலில் ⅜ அங்குலமும் கவட்டு முனையில் ⅜ அங்குலமும் கூடுதல். பின் நடுவில் இடுப்பை 1 அங்குலம் உயர்த்த வேண்டும், முன்னால் உயர்த்த வேண்டாம். உள்காலிலும் பக்கத்திலும் தையலுக்கு ஓர் அங்குலத் துணி விட வேண்டும். நீளும் துணி என்றால் நீட்சி காலைச் சுற்றி வரும்படி போட்டு வெட்ட வேண்டும். துணியை மிச்சம்பிடிக்கத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டால் நீட்சி மேலும் கீழுமாகப் போய்விடும், எலாஸ்டேன் இருந்தும் பயனில்லை.

கெண்டைக்காலைத் தனியே நினைவூட்டுங்கள். வழக்கமாக முழங்கால் 17, கீழ்வாய் 12½ என்று குறித்து நடுவே நேர்கோடு போடுவார்கள். அந்தக் கோடு கெண்டைக்கால் மட்டத்துக்கு வரும்போது ஏறக்குறைய 15½ ஆகியிருக்கும். உங்கள் கெண்டைக்காலும் 15½ என்றால் துணி தோலோடு ஒட்டிவிடும். அங்கே 16½ முதல் 17 வரை வைத்து, அதற்குக் கீழேதான் ஒடுக்க வேண்டும்.

“இவ்வளவு லூஸ் விட்டா பார்க்க நல்லாயிருக்காதே, தங்கச்சி” என்று சொல்வார்கள். வாக்குவாதம் வேண்டாம். பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி வெட்டி, பெரிய தையலாகப் போட்டுத் தரச் சொல்லி, கடையிலேயே ஒருமுறை குந்திக் காட்டுங்கள். சுருக்கம் எங்கே விழுகிறது என்பதை அவரே பார்த்துச் சோக்கால் குறித்துக்கொள்வார். நல்ல தையற்காரருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையிராது.

துணி தெரிவு: 10 அவுன்ஸ் (ஒரு சதுர யார் துணியின் எடை) அளவான டெனிம், ட்ரில், கபர்டீன் எல்லாம் சரிவரும். கோர்ட்ரோய் குளிருக்கு இதம், ஆனால் உள்தொடையில் வரிகள் ஒன்றோடொன்று தேய்ந்து சீக்கிரம் வழுக்கையாகும்.

காயவைப்பதும் பழுது பார்ப்பதும்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் மழை. இரண்டு இடத்திலும் 14 அவுன்ஸ் டெனிம் ஒன்று காய இரண்டு நாள் பிடிக்கும். அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது எலாஸ்டேனைக் கொல்லும், சூடான இஸ்திரியும் அப்படியே. தடித்தது ஒன்று வாங்கும் காசில் நடுத்தரம் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி அணிவது நல்லது. உட்புறம் வெளியே திருப்பி, பொக்கெட்டுகளையும் வெளியே இழுத்துவிட்டு, காற்றோட்டத்தில் இடுப்பைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பொக்கெட் ஈரத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும்.

உள்தொடைதான் முதலில் கிழியும். சைக்கிள் சீட்டும் தொடையும் சேர்ந்து அரைப்பதால் இதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். மாதத்துக்கு ஒருமுறை காற்சட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நிறநூல் தேய்ந்து வெள்ளை நூல் மட்டும் குறுக்கே தெரிந்தால், ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஒட்டுப் போடுங்கள். மெல்லிய டெனிமில் 3-க்கு 4 அங்குலத் துண்டு, தேய்ந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது போக வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், சதுர மூலை வைத்தால் இழுவை அங்கே கூடி அடுத்த கிழிசல் அந்த முனையிலேயே தொடங்கும். துண்டை உட்பக்கம் வைத்து, ஓரத்தைச் சுற்றி ஒரு தையலும், நடுவில் துணியின் நிறத்து நூலால் கால் அங்குல இடைவெளியில் வரிவரியாக முன்னும் பின்னுமாகத் தையலும் போடுங்கள். ஓரத்தை உள்ளே மடிக்க வேண்டாம். மடித்தால் அந்தத் தடிப்பே தோலை உராயும்.